பிளேடு ஒடியும் ஓசை

ஊரார் தலையெல்லாம் தம் கையில் அடங்கியும் தலைக்கனம் அறியாத எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, முடிதிருத்தும் கலையில் முடிசூடிய மூத்தவர்களே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, பின்வரிசையில் நின்றபடியே என் கிருதாவைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் மனநல மருத்துவன். அறிதுயில் என்னும் ஹிப்னாடிசம் செய்பவன். எங்களைத் தூங்க வைக்கவா வந்தீர்கள் என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். அதற்கு ஹிப்னாடிசம் எதற்கு தம்பி, என் பேச்சே போதும்.

அறிதுயில் என்பது தூக்கமா? இல்லை. மயக்கமா? இல்லை. மந்திரமா, மாயமா? அதுவும் இல்லை. உங்கள் நாற்காலியில் ஒருவர் சாய்கிறார். கத்தரி ஓசை கேட்கிறது, உங்கள் பேச்சும் கேட்கிறது. ஆனாலும் தோள் தளர்ந்து, துயர் மறந்து, எங்கோ மிதக்கிறார். “தலையைக் குனிங்க” என்றால் குனிகிறார். “வீட்டை எழுதிக் குடுங்க” என்றால்? உடனே விழித்துக்கொள்வார். அவ்வளவுதான் ஐயா அறிதுயில். வாதாடும் வெளிமனம் சற்றே ஓய்கிறது, வாய் பேசாத ஆழ்மனம் காது கொடுக்கிறது.

உங்களில் ஒருவர் கதையைச் சொல்கிறேன். ‘பஞ்சுக்கை’ என்ற அவர் பட்டப்பெயரை இந்த மன்றமே அறியும். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவர் முகத்திலும் ஒரு கீறல் இல்லை. ஒரு நாள் சவரத்தின் நடுவே தபால்காரர் ஒருவர் தும்மித் தொலைத்தார். காது மடலில் மூன்று தையல். காயம் பட்டவர் மறந்துவிட்டார், பஞ்சுக்கை மறக்கவில்லை. மறுநாள் முதல் கத்தரி பிடித்தால் நிற்கும் கை, சவரக்கத்தி பிடித்தால் ஆடியது. நரம்பில் பழுதில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். பழுது எங்கே? கத்தி என்றால் காயம் என்று ஆழ்மனம் பாடம் படித்துவிட்டது. இன்னொரு காது அறுபடக் கூடாதே என்றுதான் கையை ஆட்டியது. அது பகையில்லை ஐயா, பாசம் முற்றிய பைத்தியம்.

இரண்டு மாதம் சவரம் இல்லை. “கடைய மூடிட்டு வேற வேலைக்குப் போறேன்” என்று அவர் சொன்ன அன்றே, அவர் மனைவி அவரை என்னிடம் இழுத்து வந்தார். அதோ, மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். எழுந்து நில்லுங்கள் அண்ணி. நிற்க மாட்டாராம்.

அவரைச் சாயவைத்தேன், மூச்சை எண்ணச் சொன்னேன், இமை தாழ்ந்தது. அங்கேதான் என் புலமையைக் காட்டினேன். “தோல்வாரில் கத்தி தீட்டும் ஓசை கேட்டதும், உங்கள் கை அமைதியாகும்.” எத்தனை அழகான வாக்கியம். ஒரு வாரம் போயிற்று. கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. அண்ணி வந்தார்.

“டாக்டர், நீங்க சவரக் கடைக்குள்ள கால் வச்சு எத்தனை வருஷமாச்சு?”

அப்போது எனக்கு மார்புவரை தாடி. “பதினஞ்சு வருஷம் இருக்கும்மா.”

“அதான். தோல்வாருல தீட்டுற காலமெல்லாம் மலையேறிப் போச்சு. இப்ப பிளேடைக் காகிதத்தோட ரெண்டா ஒடிச்சு மாட்டுறோம். நீங்க சொன்ன சத்தம் கேக்கும் கேக்கும்னு இவரு ஒரு வாரமா காத்துக்கிட்டு இருக்காரு, பாவம்.”

அசடு வழிய நின்றேன். பட்டம் சுவரில் தொங்கியது, பாடம் அண்ணியிடம் இருந்தது. மறுபடி அவரைச் சாயவைத்து, பிளேடு மாட்டாத சவரக்கத்தியைக் கையில் கொடுத்தேன். இம்முறை அண்ணி கடைப்பெட்டியோடு வந்து, பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிளேடாக ஒடித்தார். டக். இந்த ஓசை கேட்டு எத்தனை முகம் பார்த்தீர்கள் என்றேன். டக். மூச்சு இறங்கியது. எத்தனை மாப்பிள்ளைகள் கண்ணாடி பார்த்து வெட்கப்பட்டார்கள் என்றேன். டக். விரல் நின்றது. மூடிய கண்ணோடு அந்த மனிதர் சிரித்தார்.

கண் விழித்ததும் கேட்டார், “சரிங்க டாக்டர், இப்ப யாரு உக்காருறது?”

அறையில் மூன்றே பேர். அண்ணி என் தாடியைப் பார்த்தார்.

ஊருக்குத்தான் உபதேசமா? உட்கார்ந்தேன். முதலில் கத்தரி தாடியைக் குறைத்தது. ஓடிவிடு என்று என் ஆழ்மனம் கத்தியது. டக். கத்தி கன்னத்தில் இறங்கியது, கழுத்துக்கு வந்தது. ஆடவில்லை ஐயா, அணுவளவும் ஆடவில்லை. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் கண்ணும் கலங்கியது.

“அழாதீங்க டாக்டர், நுரை கரையுது” என்றார் பஞ்சுக்கை.

குணமாக்கியது யார்? நானா? என் அழகான வாக்கியமா? அறிதுயில் இல்லாததை ஊட்டுவதில்லை, உள்ளே இருப்பதை எழுப்புகிறது. ஒரு நொடித் தவறு உள்ளே குடியேறுமென்றால், இருபத்திரண்டு ஆண்டுத் திறமை அங்கே குடியிருக்காதா? அச்சத்தைக் கற்ற மனம் அமைதியைக் கற்காதா? கற்கும். ஆனால் உங்கள் தொழிலின் மொழியில், உங்கள் வாழ்வின் ஓசையில் சொன்னால்தான் கற்கும்.

நம்பிக்கை வரவில்லையா? முன்வரிசைத் தாய்மார்களே, என் முகத்தை உற்றுப் பாருங்கள். இன்று காலை பஞ்சுக்கை மழித்த முகம் இது. எங்காவது ஒரு கீறல் இருந்தால் சொல்லுங்கள், இப்போதே மேடையைவிட்டு இறங்கிவிடுகிறேன்.

உற்றுப் பார்த்த தாய்மார்கள் கைதட்டுகிறார்கள். பஞ்சுக்கையின் அந்தக் கைக்கும், இங்கே கைதட்டும் எல்லாக் கைகளுக்கும் என் நன்றி, வணக்கம்.