நாலு மணி வரை

சேலையூரிலிருந்து கடலோரம் போவதென்றால் தயிர் சாதத்தில் பாலைக் கொஞ்சம் தூக்கலாக ஊற்றிப் பிசைய வேண்டும். இல்லாவிட்டால் சோழிங்கநல்லூர் தாண்டுவதற்குள் புளித்துவிடும். அன்று நான் நாலரைக்கே எழுந்து பிசைந்து வைத்தேன். மாவடு தனியாக ஒரு டப்பாவில். கூட வருகிறவளுக்கு மாவடு என்றால் உயிர்.

கூட வந்தவள் வேதா. எங்கள் காலனி வீட்டில் நான் மாடி, அவள் கீழே. பதினாறு வருஷப் பழக்கம். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, நாங்கள் இருவரும் கடலோரத்து ஓவியக் கூடத்தைப் பார்க்கப் போனோம். அந்த மாதிரி நிறைவான நாள் எங்கள் ஆயுளில் வேறு கிடையாது. அதைத்தான் சொல்ல வந்தேன். முழுதும் கேட்டுவிட்டு நீங்கள் என்ன சொன்னாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் வீட்டில் போன் இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் யக்ஞநாராயணன் ஆபீஸ் வழியாக வந்தது. அவர் போன பிறகும் அது கறுப்பாக, கனமாக ஹாலில் உட்கார்ந்திருந்தது. அந்தத் தெருவுக்கே ஒரு போன். எல்லோரும் சொந்தக்காரர்களுக்கு என் நம்பரைக் கொடுத்து, அக்கம்பக்கத்து போன் என்று தெரிவதற்காக அருகில் பிபி என்று எழுதிவிடுவார்கள். இன்னாரைக் கூப்பிடுங்கள் என்றால் நான் கூப்பிட்டுவிட வேண்டும். மாடிக் கைப்பிடிக் கம்பியில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் வேதாவுக்கு. இரண்டு தட்டினால் எதிர்வீட்டு மெட்டில்டா டீச்சருக்கு. ஆள் இல்லாவிட்டால் நானே சேதியை வாங்கி வைத்துச் சொல்வேன்.

அதிலும் எனக்கென்று ஒரு முறை உண்டு. சாப்பிடுகிற நேரத்தில் கெட்ட சேதி சொல்ல மாட்டேன். மெட்டில்டாவின் அண்ணன் தவறிப்போனதைக்கூட அவள் கை கழுவின பிறகுதான் சொன்னேன். "நல்லவேளைக்கா, மொதல்லயே சொல்லியிருந்தா சோறு எறங்கியிருக்காது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேதியை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எப்போது சொல்வது என்பதற்குத்தான் மனசு வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பத்மாசனி கூப்பிட்டாள். வேதாவின் ஒரே பெண். இரண்டு வருஷம் முன்னால் இரும்புலியூர் தயாளனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். நல்ல பையன், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். வேதாவின் அகத்துக்காரர் தோத்தாத்ரி, அவள் வாசற்படி மிதிக்கக்கூடாது என்றுவிட்டார். அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிக்காமலே கிழித்துப் போட்டார். அதன்பிறகு கடிதமும் இல்லை.

"மாமி, எனக்கு இது ஏழாம் மாசம்" என்றாள் பத்மாசனி. "அவருக்கு போர்ட்பிளேர்ல வேலை கெடச்சுடுத்து. நாளைக்கு ராத்திரி கப்பல். நாளைக்குக் காலம்பற பத்து மணிலேந்து நாலு மணி வரைக்கும் தாம்பரம் ஸ்டேஷன்ல, டிக்கெட் கவுண்டர் பக்கத்துல இருப்பேன். அப்பா ஆபீஸ் போனப்புறம் அம்மாவை வரச் சொல்லுங்கோ. கைல ரெண்டு வளையல் போட்டுவிட்டாப் போறும். கூடவே வந்துடறேன்னாலும் சரி, அம்மாக்கும் டிக்கெட் எடுத்து வெச்சிருக்கார். வரலேன்னா, அவ மனசுல நான் இல்லேன்னு எடுத்துக்கறேன். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தேன். கம்பி வரைக்கும் போனேன். கீழே வேதா துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் ஓடுவாள். பிரசவத்துக்கென்று கப்பலேறுகிற தாயார் எப்போது திரும்புவாள்? முதல் குழந்தை, தவழ்ந்து நடக்கிற வரைக்கும். அதற்குள் இரண்டாவது. எனக்குச் சாயங்காலக் காபி இரண்டு பேருக்குப் போட்டுத்தான் பழக்கம். என் பிள்ளை பரோடாவிலிருந்து தீபாவளிக்கு ஒருதரம் கூப்பிடுவான்.

கரண்டியை வைத்துவிட்டு நானே படியிறங்கிப் போனேன்.

"வேதா, நாளைக்கு எங்கேயாவது போகலாமாடி? கடலோரத்துல படமெல்லாம் மாட்டி வெச்சிருக்காளாமே."

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் தோத்தாத்ரி கிளம்பினதும் நாங்களும் கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குத்தான். பெரும்பாக்கம் தாண்டும்போது ஏரியில் நாரைகளைப் பார்த்துக் குழந்தை மாதிரி விரலை நீட்டி எண்ணினாள். சோழிங்கநல்லூரில் பஸ் மாறி, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினதுமே உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கூடத்துக்குள் நுழைந்தபோது என் கடிகாரத்தில் மணி பத்து பத்து.

வெள்ளையடித்த நீள நீளமான கூடங்கள். எந்த ஜன்னலைப் பார்த்தாலும் கடல். காவல்காரர் சம்பந்தம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கூட்டமே இல்லாததால் அவருக்கு எங்களைக் கண்டதும் சந்தோஷம்.

"குந்திப் பாருங்க யக்கா, நின்னுகினு பாத்தா இன்னா புரியும்" என்று பெஞ்சை இழுத்துப் போட்டார்.

எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு படம். உடம்பெல்லாம் பச்சையாக ஒரு பெண், தலையில் ஒரு பறவை. வேதா அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்டி வல்லி, இதை வரைஞ்சவன் ஆத்துல யாருமே ஒண்ணும் கேக்க மாட்டாளா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சம்பந்தம் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யக்கா, வரைஞ்சவரு உங்க பின்னாலதான் நின்னுகினு கீறாரு."

திரும்பினால், தாடியும் ரப்பர் செருப்புமாக ஒருவர். வேதா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கோபிக்கவில்லை. "ஆத்துல கேக்கறாங்க மாமி, நான்தான் பதில் சொல்றதில்ல. உங்களுக்கு என்ன தோணுது?" என்றார்.

வேதா மறுபடி பார்த்தாள். இந்தமுறை சிரிக்காமல் பார்த்தாள்.

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணு. மசக்கை. அதான் பச்சை. தலைமேல ஏதோ உக்காந்துண்டு இறங்கமாட்டேங்கறது, பாவம்."

அவரும் படத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். "நாலு வருஷமா என்னென்னவோ எழுதினாங்க, பேசினாங்க. நீங்கதான் சரியாச் சொல்லியிருக்கீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சம்பந்தம் எழுந்து நின்று, "யக்கா, நீங்க ஷோக்கான ஆளு" என்றார். வேதாவை அதுவரைக்கும் யாரும் எதற்கும் பாராட்டினதாக எனக்கு நினைவில்லை. அந்தப் பெருமை நான் தேடிக் கொடுத்தது.

அங்கேயே உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள். "பத்மாசனிக்கு ஏதாவது உண்டாகியிருக்குமோ வல்லி?"

"உண்டானா பெத்தவளுக்குச் சொல்லாம இருப்பாளாடி?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றாள்.

சவுக்கு நிழலில் சாப்பிட்டோம். மாவடுவை நறுக்கென்று கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு அலையில் நின்றாள். ஐம்பத்திரண்டு வயசு. ஒவ்வொரு அலைக்கும் கூவினாள்.

இரண்டு மணிக்கு, "கிளம்பலாமா? தாம்பரத்துல இறங்கி, ஸ்டேஷன் வாசல்ல வெத்தலை வாங்கிண்டு போயிடலாம். அவருக்கு அந்த வெத்தலைதான் பிடிக்கும்" என்றாள்.

இரண்டு மணிக்குக் கிளம்பினால் மூன்றரைக்குத் தாம்பரம். நான் கணக்குப் போட்டேன், மறைக்கவில்லை.

"மாடில இன்னும் ஒரு கூடம் பாக்கி இருக்கே. பார்க்காமப் போனா மனசு ஆறாது" என்றேன். படிக்கு ஒருதரம் முட்டி வலிக்கிறதென்று உட்கார்ந்தேன். முட்டிவலி நிஜம்தான். மாடியில் ஒவ்வொரு படத்துக்கும், இது என்ன, அது என்ன என்று அவளையே சொல்லச் சொன்னேன். அவளும் காலையில் கிடைத்த தைரியத்தில் விதவிதமாகச் சொன்னாள். கடைசிப் படத்திலிருந்து நகரும்போது மூன்றே முக்கால். அதற்குப் பிறகு நான் அவசரப்படவும் இல்லை, தாமதிக்கவும் இல்லை. தாம்பரம் வரைக்கும் போகாமல், வெற்றிலையை வழியில் கேம்ப் ரோடிலேயே வாங்கிக்கொண்டோம்.

வீடு வந்தபோது ஐந்தரை. "நீ உக்காரு, முட்டிவலிக்காரி" என்று வேதாதான் என் சமையலறைக்குள் காபி போடப் போனாள். போன் அடித்தது.

"மாமி, அம்மாகிட்ட சொன்னேளா?" பின்னால் ரயில் சத்தம். நாலு மணி என்றவள் அப்போதும் அங்கேயே இருந்திருக்கிறாள்.

"சொன்னேம்மா."

"என்ன சொன்னா?"

உள்ளே வேதா பச்சைப் பெண்ணை நினைத்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வரலேன்னுட்டா."

உள்ளே வேதா மறுபடி சிரித்தாள்.

"யாரோ சிரிக்கறாளே மாமி. அம்மாவா?"

"ஆமாம்" என்றேன். பொய் சொல்லுகிற பழக்கம் எனக்கில்லை.

"சரி மாமி. சந்தோஷமா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள். குரல் உடையவில்லை. கெட்டிக்காரப் பெண்.

வேதா இரண்டு டம்ளரோடு வந்தாள். "யாருடி போன்ல?"

"ராங் நம்பர். யாரோ அவ அம்மாவைக் கேட்டா."

"பாவம். சர்க்கரை போறுமா பாரு."

சரியாக இருந்தது.

அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. பத்மாசனி மறுபடி கூப்பிடவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். போன மாதம் வேதா வீட்டுக்கே போன் வந்துவிட்டது. அந்த நம்பர் போர்ட்பிளேரில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அது அடிக்கும்போதெல்லாம் வேதா ஈரக்கையோடு ஓடுகிறாள். பிறகு மாடிக்கு வந்து, "பெத்தவளை ஒரேயடியா மறந்துட்டாளேடி" என்று என் தோளில் சாய்ந்து அழுகிறாள். நான் முதுகைத் தடவிக் கொடுக்கிறேன், காபி போட்டுக் கொடுக்கிறேன். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.