பீடத்தருகே ஒரு கொடி

எங்கள் தேவாலய விருந்தில் போடும் கோழி நூடுல்ஸை யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் தட்டையும் காலி செய்துவிட்டுத்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். சாப்பாட்டுக்கு முன்பே கேட்டிருந்தால் அநாகரிகம்.

அயோவாவில் எங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளரை முடிவு செய்ய, ஊரார் பள்ளிக்கூட அரங்கில் கூடி, பிடித்தவருக்கான மூலையில் போய் நிற்பார்கள். நான் செனட்டரின் ஆலோசகன். எதிர்த்து நின்ற ஆளுநர் மார்லிஸ் முந்திக்கொண்டிருந்தார். அவரை விருந்தில் மடக்கினேன்.

"அம்மா, பீடத்துக்குப் பக்கத்துல தேசியக் கொடி நிக்குதே, அது அங்க இருக்கலாமா, கூடாதா?"

எதைச் சொன்னாலும் பாதி ஊர் கைவிட்டுப் போகும். அவர் நூடுல்ஸை மென்றுகொண்டே இருந்தார். பாவம், எவ்வளவு நேரம்தான் மெல்ல முடியும்?

ஊரே பதில் சொல்லத் தொடங்கியது.

"எங்கண்ணன் உசிரக் குடுத்த கொடிய்யா அது."

"நீ கும்பிடறது கர்த்தரையா, துணியையா?"

அதுவரை அந்தக் கொடியைத் தூசி தட்டக்கூட ஆள் கிடையாது.

அந்த வாரமே என் மாமனார் ஆர்வில் காலமானார். முன்னாள் படைவீரர் என்பதால் சவப்பெட்டிமேல் கொடி போர்த்தியிருந்தது. கொடியோடு தேவாலயத்துக்குள் விடமாட்டோம் என்று ஒரு கூட்டம், கொடியை எடுக்க விடமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். பெட்டி வாசலில் பனியில் கிடந்தது. நான் படம் எடுத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. 'ஆளுநர் ஏன் வாய் திறக்கவில்லை?' என்று மறுநாள் அந்தப் படத்தோடு எங்கள் விளம்பரம் வந்தது.

"வெர்லின், அது எங்கப்பாய்யா," என்றாள் என் மனைவி ஆர்டித்.

"மூடின பெட்டிதானம்மா. யாருன்னு தெரியாது," என்று ஆறுதல் சொன்னேன்.

தேர்வு நாளில், வேட்பாளர்களை மறந்துவிட்டு, கொடிக்காரர்கள் ஒரு மூலைக்கும், மற்றவர்கள் எதிர் மூலைக்கும் போய்விட்டார்கள். ஆளுநரின் மூலையில் ஈ காக்கைகூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். செனட்டரின் மூலையில் நான் மட்டும் நின்றேன்.

"ஒத்த ஆளா நின்னா கணக்குல வராது. எங்கயாச்சும் போய்ச் சேருங்க," என்றார் கூட்டத் தலைவர்.

ஆர்டித் பக்கம் போனேன். அவளைச் சுற்றி நிறைய இடம் இருந்தது.

"இங்க இடமில்ல," என்றாள்.

ஆகவே, கட்சியின் விசாரணைக் குழுவினரே, ஊரை நான் பிரித்தேன் என்று எழுதாதீர்கள். நான் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். ஆம், பெட்டி வரும் நேரத்தை இரண்டு தரப்புக்கும் தனித்தனியாகச் சொல்லியனுப்பியது நான்தான். வீட்டு மாப்பிள்ளை சொல்ல வேண்டிய செய்தி அல்லவா அது.