டெல்லி துவாரகா கடைவீதித் திரையை நான் உடைத்தது குறித்து

என் பெயர் சுந்தரவல்லி, வயது 31, தகப்பனார் பெயர் பரமசிவம், சொந்த ஊர் கோவில்பட்டி, தற்போது டெல்லி முனிர்காவில் வாடகை அறையில் குடியிருக்கிறேன். இந்தி பேசுவேன் என்றாலும் தமிழிலேயே சொல்ல அனுமதி கேட்டேன், நீதித்துறை நடுவர் அவர்கள் அனுமதித்தார்கள். நான் சொல்வது எனக்கு எதிராகவும் பயன்படுத்தப்படலாம் என்று எச்சரிக்கப்பட்டேன்.

நான் ஒரு தனியார் விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கடைவீதிகளில் பெரிய டிஜிட்டல் திரைகளை நிறுவி, இணையம் வழியாக அலுவலகத்திலிருந்தே விளம்பரம் ஓட்டுவது நிறுவனத்தின் தொழில். வெளியாட்கள் அவற்றுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் மேல் புகார் கொடுத்திருக்கும் ராஜகோபாலன் என் மேலாளர்.

எங்கள் அலுவலகத்தில் டிசைனராக இருக்கும் அபிராமி, உடன் வேலை செய்த மது தன்னைத் தொடர்ந்து தொந்தரவு செய்வதாகப் புகார் கொடுத்ததால், மது வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். அன்றே அவருடைய லாகினை முடக்க அனுமதி கேட்டேன். "அவன் என் மச்சினி பிள்ளை. திரும்ப எடுத்துக்கத்தான் போறோம். நீ அதுல கை வைக்காதே" என்றார் ராஜகோபாலன். மறுபடியும் கேட்டேன். அனுமதி கிடைக்கவில்லை.

கடந்த சனிக்கிழமை மாலை அபிராமி எனக்குப் போன் செய்து, "அக்கா, துவாரகா மார்க்கெட்ல என் மூஞ்சி ஓடுது" என்று மட்டும் சொன்னார். உடனே ஆட்டோ பிடித்துப் போனேன். அங்கிருந்த மூன்று திரைகளிலும் அபிராமியின் படமும், அவருடைய கைபேசி எண்ணும், கீழே இந்தியில் ஒரு வரியும் ஓடின. அந்த வரியை இங்கே சொல்ல மாட்டேன். அபிராமி மோமோ கடைக்குப் பின்னால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அவர் கையில் போன் ஓயாமல் அடித்தது.

அதன் பிறகு லேப்டாப்பில் உள்ளே போகப் பார்த்தேன், என் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. அதன் பிறகு அங்கு வந்த ராஜகோபாலனிடம், இணையத்தைத் துண்டித்தால் போதாது, படம் திரைக்குள்ளேயே பதிவாகியிருக்கும், மின்சாரத்தை நிறுத்தினால்தான் நிற்கும் என்று சொல்லி, மின்பெட்டிச் சாவியைக் கேட்டேன். சாவி அவர் பையில் இருந்தது.

"பவரை கட் பண்ணினா கிளையண்ட்டுக்கு யார் பதில் சொல்றது? டெக்னிக்கல் டீம் வந்துண்டிருக்கு, ஜல்தி பண்ணாதே" என்றார்.

"சார், அந்தப் பொண்ணு இங்கதான் நிக்குது."

"ஆத்துக்குப் போகச் சொல்லு."

அதன் பிறகு பக்கத்து பஞ்சர் கடையில் சுத்தியல் வாங்கி, மின்பெட்டிப் பூட்டை உடைத்து சுவிட்சை அணைத்தேன், இரண்டு திரைகள் நின்றன. மெட்ரோ வாசலில் ஆள் உயரத்தில் இருக்கும் மூன்றாவது திரைக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம் வருவதால், அது இருளும் வரை அதைச் சுத்தியலால் அடித்தேன். அப்போது ராஜகோபாலன் பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். படியில் விழுந்தார், மணிக்கட்டு முறிந்ததாகச் சொல்கிறார்கள். நான் உதறியதால்தான் விழுந்தார், மறுக்கவில்லை. அவரைத் தூக்கிவிடவும் இல்லை.

அபிராமி மேல் பொறாமைப்பட்டு நானே அந்தப் படத்தை ஏற்றியதாகப் புகாரில் இருப்பது பொய். எந்த லாகினிலிருந்து ஏற்றப்பட்டது என்பது நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அதைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரியிடம் முதல் நாளே சொன்னேன். இன்று வரை யாரும் போகவில்லை. மதுவை யாரும் அழைத்துக்கூட விசாரிக்கவில்லை.

செய்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்கப்பட்டது. திரைகள் இருண்ட பிறகும் கூட்டம் கலையவில்லை. அபிராமியின் படத்தைக் கைபேசியில் பிடித்து வைத்திருந்தவர்கள் அதை அங்கேயே நின்று மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை கைபேசிகளையும் என்னால் உடைக்க முடியவில்லை. வருத்தம் அது ஒன்றுதான்.

இதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி நானே சொன்னேன், இதில் திருத்த எதுவும் இல்லை.

(ஒப்பம்)
ப. சுந்தரவல்லி