டப்பாவில் போன சளி

— ஊசியை நிறுத்தறோம்னா என்ன சிஸ்டர் அர்த்தம்? ஆறு மாசமாத்தான் ரொட்டி அடுப்பு முன்னாடி மனுஷனா நிக்கிறேன். அதுக்கு முன்ன நான் மூச்சு விட்டா, ரயில் வருதுன்னு தெருவே ஒதுங்கி நிக்கும்!

— டாக்டர் சொல்லிட்டாங்க ஐயா. இந்த ஆஸ்துமா ஊசி, அலர்ஜியைக் கிளப்பற புரதத்தைப் பிடிச்சு அமுக்கணும். அப்ப மூச்சுக்குழாய்ல வந்து குவியற அலர்ஜி செல்லும் குறையணும். சளியில நூத்துக்கு ரெண்டு மூணு இருந்தாப் பரவாயில்ல. நீங்க கொடுத்ததுல முப்பத்தி நாலு.

— முப்பத்தி நாலா! எவனோ தூக்கத்துல எண்ணியிருக்கான்.

— ரெண்டு பேர் எண்ணினாங்க ஐயா.

— சிஸ்டர், ஊசி இல்லேன்னா நான் போய்ச் சேர்ந்துருவேன். போன வருஷம் மாவு மூட்டையைப் பிரிச்ச கையோட நீலமாகி விழுந்தேன். ஆம்புலன்ஸ்காரர் என்னை இன்னொரு மூட்டைன்னு தாண்டிப் போனார்! என் பொண்டாட்டி இவளைக் கேளுங்க.

— ஏங்க, போதும். சொல்லிடுங்க.

— எதைடி?

— டப்பா விஷயத்தை.

— வாயை மூடு.

— நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

— என்னம்மா டப்பா?

— அது வந்து சிஸ்டர்... காலையில எழுந்ததும் சளியைத் துப்பிட்டு வரச் சொன்னீங்க. ஊசி போட்டதுலேருந்து எனக்குச் சளியே வரல. ஒரு மணி நேரம் இருமினேன், குடல் வந்துது, சளி வரல. காலி டப்பாவோட வந்தா விரட்டிடுவீங்களோன்னு பயம்.

— சளி வரலேன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் ஐயா! அப்ப இது யாரோடது?

— இவளோடது. ஆரோக்கியமான சளின்னு கேட்டு வாங்கினேன்.

— கடவுளே. உங்க ஊசி நிக்காது ஐயா, வேற டெஸ்ட் எடுக்கறேன். அம்மா, உங்களுக்கு எத்தனை நாளா மூச்சு வாங்குது?

— இவளுக்கா? நல்லாக் கேட்டீங்க! தனி ஆளா மூட்டை மாவைச் சலிக்கிறவ. இவ மூச்சை இழுத்தா ஜன்னல் கதவு தானாச் சாத்திக்கும்! ஏண்டி, சொல்லேன்.

— இப்ப மாடி ஏறி வரும்போது, செருப்புப் பக்கிள் கழண்டுடுச்சு, நீங்க முன்னால போங்கன்னு நடுப்படியில உக்காந்தேனே... இந்தச் செருப்புல பக்கிளே கிடையாதுங்க.