ஹோலிகோம் என்ற பெயரைப் படித்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் குருவானவர் அவர்களே, ஊர் மன்றத்தாரே, நம் வரலாற்றுக் கழகத்து அன்பர்களே, வணக்கம்.

அம்மையார் மியூரியல் டாட்ஜெல் மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. முப்பது ஆண்டு தபால் பிரித்தவர். அவரால் படிக்க முடியாத கிறுக்கல் எழுத்து கிடையாது. ஓய்வு பெற்றதும் அதே கண்ணோடு நம் ஊர்ப்பெயரைத் தேடிப் புறப்பட்டார்.

ஹோலிகோம் என்றால் புனிதப் பள்ளத்தாக்கு. ஊர்ப்பலகை அப்படித்தான் சொல்கிறது. அதைச் சொல்லித்தான் ஊற்றுநீரைக் குப்பியில் அடைத்து வெளியூராருக்கு விற்கிறோம். அம்மையார் இவ்வூர்ப் பிரபுவின் எழுநூறு ஆண்டுப் பழைய நீதிமன்றப் பதிவுச் சுருளைப் பிரித்தார். அதில் நம் ஊர் 'ஹோர்கும்'. பழைய ஆங்கிலத்தில் ஹோர் என்றால் மலம், சேறு; கும் என்றால் பள்ளத்தாக்கு. புனிதம் என்பது பிற்காலத்துக் குரு ஒருவர் பதிவேட்டில் செய்த திருத்தம்.

இதே மண்டபத்தில் அதைக் கட்டுரையாக அவர் வாசித்தபோது நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். மதுக்கடை டென்சில் எழுந்தார்.

"ஏம்மா, ஊரு பேரை நாறடிக்கவா வயசான காலத்துல படிக்கக் கெளம்புன?"

"நான் நாறடிக்கல டென்சில். எழுதியிருக்கு, படிச்சேன்."

கழகத்திலிருந்து அவரை நீக்கினோம். மறுநாள் அவர் வாசற்படியில் ஒரு வாளி சாணி கொட்டிக் கிடந்தது. கொட்டியது யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் அதை அள்ளி ரோஜாச் செடிகளுக்குப் போட்டார்.

ஜனவரியில் என்னிடம் வந்தார். "ஆவணக் காப்பகத்துல இன்னொரு சுருள் இருக்காம். கார்ல கொண்டுபோய் விடுறீங்களா, மிஸ்டர் பாஸ்கோம்?"

"வேலை இருக்கும்மா" என்றேன். வேலை எதுவும் இல்லை. கொட்டும் மழையில் பேருந்துக்கு நின்றார். நெஞ்சில் சளி கட்டியது. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தார். நம்மில் ஒருவராவது போனோமா?

அந்தச் சுருளை நான் பதினொரு ஆண்டுக்கு முன்பே படித்துவிட்டேன். அதிலும் ஹோர்கும்தான். சொன்னால் கழகத் தலைவர் பதவி போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் சொல்வது உண்மை என்று தெரிந்தே, அவரை நீக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்.

குருவானவரே, கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முடித்துவிடுகிறேன்.

ஊரின் நூற்றுப் பதினேழு வயல்களின் பெயர்களில் அறுபதின் மூலத்தை அவர் தேடி முடித்திருக்கிறார். மீதியை நான் தேடுவேன். அவர் கட்டுரை அவர் பெயரிலேயே அச்சாகும்; நான் செய்தது முன்னுரையில் இருக்கும். இப்போது அந்தக் கட்டுரையை முழுவதும் வாசிக்கப் போகிறேன். நாற்பது பக்கம். போக நினைப்பவர்கள் எழுந்து போகலாம். ஒருவரும் இல்லாவிட்டாலும் வாசிப்பேன்.

முதல் பக்கம்.