மஞ்சள் பட்டை

அந்த ஓட்டலில் காபி நன்றாக இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. ஒரு இடம் பிடிக்கவில்லை என்பதற்காக இல்லாத குறையைச் சொல்கிற ஆள் இல்லை நான். நல்ல கள்ளிச்சொட்டுப் பால், திட்டமான டிக்காஷன், கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிஸ்கட். மூன்று வருஷமாக சீசனுக்குச் சீசன் அங்கே போய் வந்திருக்கிறேன். ஒரு ராத்திரிகூட தங்கியதில்லை.

குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகிற வழியில், வாசலில் சிமெண்ட் டைனோசர் நிற்குமே, அதுதான். பலகையில் ஏதோ இங்கிலீஷ் பெயர் எழுதியிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் அது டைனோசர் ஓட்டல். உள்ளே சறுக்கு, அலையடிக்கும் குளம், குட்டி ரயில், பேய் வீடு எல்லாம் உண்டு. ஒரு அருவியும் உண்டு. ஐந்தருவி பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருக்க, இவர்கள் மோட்டார் போட்டு அருவி விடுகிறார்கள். கரண்ட் போனால் நின்றுவிடும். அதில் குளிப்பதற்காக ரூம் போட்டு, சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். என் தம்பி குற்றாலீஸ்வரனும் அப்படித்தான் வந்தான். குற்றாலம் என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு.

நான் குருவம்மாள். இலஞ்சியில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் வீட்டுக்காரர் போய்விட்டார், பிள்ளை இல்லை, திரும்பி வந்துவிட்டேன். தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போட்டுப் படிக்க அனுப்பியவள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

இலஞ்சியில் வீடு இருப்பவர்களுக்கு ஆனி ஆடியில் தனியாகப் படுக்கக் கொடுத்துவைத்திருக்காது. சாரல் விழுந்த மறுநாளே சிவகிரிச் சித்தி குடும்பம் வந்துவிடும். பின்னாலேயே வீரகேரளம்புதூர் மாமா வீட்டார். கூடம் முழுக்கப் பாய். காலையில் பாத்ரூமுக்கு வரிசை. ஒரு நாள் சமைத்ததை மறு நாள் நினைத்துப் பார்க்க நேரமிருக்காது. அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அலுப்பு ஒரு வீட்டுக்கு எவ்வளவு அழகு என்பது அது நின்றபிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொருவரும் கார் வாங்கினார்கள். காலையில் வந்து குளித்துவிட்டு மாலையில் போனார்கள். சிலர் லாட்ஜில் ரூம் போட்டார்கள். கடைசியில் தம்பி குடும்பம் மட்டும் மிஞ்சியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனும் போன் செய்தான்.

"எக்கா, இந்தத் தடவ டைனோசர் ஓட்டல்ல ரூம் போட்டாச்சு. புள்ள அனுசியாவுக்கு அந்தச் சறுக்குன்னா உசுரு. ஒனக்கும் செரமம் இல்ல பாத்துக்கோ. நீ வந்து பாத்துட்டுப் போ."

வந்து பார்த்துவிட்டுப் போ. என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான்தான் பிறரிடம் இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் பழகியவள்.

போனேன். வாசலில் ஒரு பெண் என் மணிக்கட்டில் மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றை ஒட்டினாள். தங்குகிறவர்களுக்கு நீலம், பார்க்க வருகிறவர்களுக்கு மஞ்சள். நீலப் பட்டைக்காரர்களுக்கு வந்ததும் ஒரு தம்ளர் நன்னாரி சர்பத். மஞ்சளுக்குக் கிடையாது. மஞ்சள் பட்டையோடு வரவேற்பறை சோபாவில் உட்காரலாம், காபி குடிக்கலாம், குளத்தைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். லிஃப்டில் ஏற முடியாது. தம்பி இருக்கும் அறையை நான் பார்த்ததே இல்லை. இருட்டுமுன் கிளம்பிவிட வேண்டும். தம்பி ஈரத் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கி வருவான், என்னோடு கொஞ்ச நேரம் உட்காருவான், கண் மட்டும் குளத்துப் பக்கம் இருக்கும். அவன் மனைவி உமாராணி நல்ல பெண். "மதினி, கேக் சாப்பிடுதீயளா?" என்று நாலு தடவை கேட்பாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் கேட்கும் விதத்தில்தான் நான் விருந்தாளி என்பது எனக்கு உறைத்தது. என் சொந்தத் தம்பிக்கு நான் விருந்தாளி. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வருஷம் நடந்தது தற்செயல். அதை நீங்கள் நம்ப வேண்டும். அவனுக்காக சொதி வைத்து, தூக்குவாளியில் கொண்டுபோனேன். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். காவலுக்கு நிற்கும் தளவாய் எங்கள் தெருப் பையன்.

"எக்கா, என் வேலைக்கு ஒல வச்சிராத. மேனேசரு சாப்பிடப் போகட்டும், அப்புறம் விடுதேன்" என்றான்.

அந்த மேனேஜர் சாப்பிடப் போவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மூடிய வாளியில் தேங்காய்ப்பால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆசையாகச் செய்ததைக் கொட்டிவிட மனமில்லாமல் கொடுத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். சாயங்காலமே மூன்று பேருக்கும் வாந்தி. ஓட்டலில் தின்ற இறால்தான் காரணம் என்று உமாராணி சொன்னாள். நான் மறுக்கவில்லை. அன்றே ரூமைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தச் சில நாட்கள் எப்படி இருந்தன என்று சொன்னால் உங்களுக்கு விளங்குமா தெரியவில்லை. கூடத்தில் பாய் விரித்தேன். கஞ்சி வைத்தேன். அனுசியா என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். தம்பி கைலியோடு வாசற்படியில் உட்கார்ந்து, "இங்கன இருந்தாத்தாம்லே மூச்சு ஒழுங்கா வருது" என்று யாருக்கோ போனில் சொன்னான். நான் அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அவர்கள் போனதும் மாடி அறையைச் சரி செய்தேன். வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தேன், ஏசி மாட்டினேன், அனுசியாவுக்குப் பிடிக்கும் என்று ஊதா நிறத்தில் சுவருக்கு வண்ணம் அடித்தேன். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். சூப்பர் எக்கா என்று பதில் போட்டான். இந்த ஆனியில் போன் வந்தது. டைனோசர் ஓட்டலில் ரூம் போட்டாச்சு, வந்து பார்த்துவிட்டுப் போ.

ஒரு வருஷம் பாடுபட்டவளுக்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய் ஏசியைப் போட்டு, ஆளில்லாத கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அம்மா வருஷத்துக்கு ஒருமுறை, சீசன் தொடங்குவதற்கு முன்னால், பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பாள். உங்கள் வீட்டிலும் கொடுத்திருப்பார்கள். வயிறு சுத்தமான பிறகுதான் எண்ணெய்க் குளியலும் அருவியும். தம்பி முரண்டு பிடிப்பான். நான்தான் அவன் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவேன். போதும் என்று தோன்றும்போது ஒரு செம்பு மோர் கொடுத்தால் நின்றுவிடும். மத்தியானம் ரசஞ்சோறு. அன்று முழுக்க அவன் என்னைவிட்டு நகரமாட்டான். அது விஷம் இல்லை. தென்காசியில் நாட்டு மருந்துக் கடையில் யார் போய்க் கேட்டாலும் கொடுக்கிற சாமான்.

உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கூடுதலாக விட்டேன். உமாராணி எண்ணெய்க்குப் பயந்து தொடமாட்டாள், அனுசியாவுக்கு அந்த வாடையே ஆகாது. ஆகவே அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். நான் கண்மூடித்தனமாக எதையும் செய்யவில்லை. சின்ன டப்பாவில் வைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தளவாய் பையைத் திறந்து பார்த்தான். "ஒன் தம்பிக்குத்தான? மறச்சு எடுத்துட்டுப் போக்கா" என்றான். அவனை நீங்கள் ஒன்றும் செய்யக்கூடாது. நல்ல பையன்.

தம்பி அந்தச் சோபாவில் உட்கார்ந்து விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டான். இருட்டுமுன் நான் கிளம்பிவிட்டேன். மறுநாள் விடியும்போது வாசலில் கார் நின்றது. தென்காசியில் டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, உப்பு சர்க்கரைப் பொடி வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்திருந்தார்கள். நிற்காமல் போனால் உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள், சர்க்கரை வியாதிக்காரர், சிறுநீரகம் ஏற்கெனவே கொஞ்சம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உமாராணி அதை என்னிடம் சொன்னாள். ஆமாம், அது எனக்குத் தெரியும்.

மாடி அறையில் படுக்க வைத்தேன். ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டான். முகம் கழுவத் தண்ணீர் கொண்டுபோனேன். கையில் அந்த நீலப் பட்டை ஈரத்தில் சுருங்கிக் கிடந்தது. கத்தரி எடுத்து வெட்டப் போனேன்.

கையை இழுத்துக்கொண்டான். "ஏ எக்கா, வெட்டிராத. இத வெட்டிட்டா திரும்ப உள்ள விடமாட்டான். இப்பம் நல்லாத்தான இருக்கு, சாயங்காலம் போயிருதோம். புள்ள அழுதா."

சரி என்றேன். கீழே வந்தேன். உமாராணி குழந்தையைக் கூட்டிக்கொண்டு மாற்றுத்துணி எடுத்துவர ஓட்டலுக்குப் போயிருந்தாள். சீசன் கூட்டத்தில் கார் நகராது, அவ்வளவு சீக்கிரம் திரும்பமாட்டாள். அவனுக்குக் காபி போட்டேன். மிச்சமிருந்த மருந்தை அதில்தான் கலந்தேன்.

இந்தத் தடவை அது வேகமாக வேலை செய்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் விழுந்தான். கொஞ்சம் சிரித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

"அம்ம பேதிக்குக் குடுத்த மாதிரில்லா இருக்கு எக்கா. ஒரு செம்பு மோரு தா. நின்னுரும்."

தெரிந்து கேட்டானா, தெரியாமல் கேட்டானா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணையே பார்த்தான். மோர் இல்லை, உறை விழவில்லை என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றான். இப்போது சரியாகிவிடும், கொஞ்சம் பொறு என்றேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அங்கேயும் பாஸ், அங்கேயும் பார்க்கிற நேரம், மணி அடித்ததும் வெளியே போ என்பார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது. ரெண்டு நாள் என் வீட்டில் படுத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். மோர் கேட்பதை நிறுத்திவிட்டான். தூங்குகிறான் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்தபிறகு உமாராணி வந்து தொட்டுப் பார்த்து அலறியபோதுதான் கை சில்லிட்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

நீங்கள் ஓட்டல் சமையல்காரர் முகம்மது இஸ்மாயிலைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஓட்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டவர் சாவு என்று பேப்பரில் போட்டிருந்தது. அவரை விட்டுவிடுங்கள். பாவம் பார்த்து மட்டும் இதைச் சொல்லவில்லை. என் தம்பி கடைசியாகச் சாப்பிட்டது அந்த ஓட்டல் சாப்பாடு என்று நாலு பேர் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் கடைசியாகச் சாப்பிட்டது என் கையால். களியும் நான் கொடுத்ததுதான், காபியும் நான் கொடுத்ததுதான். மோர் ஒரு சட்டி நிறையக் குளிர்பெட்டியில் இருந்தது. முந்தின நாளே கடைந்து வைத்திருந்தேன்.

கொலை என்று எழுதப் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனைக் கொல்ல நினைத்தவள் எதற்காக மாடியில் ஏசி மாட்ட வேண்டும்? அதை மட்டும் நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அறுத்துச் சோதித்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அந்தப் பட்டை கையில்தான் இருந்தது. குளிப்பாட்டும்போது நானே கத்தரித்தேன். சாரல் நல்ல சாரல். சிவகிரிச் சித்தி, வீரகேரளம்புதூர் மாமா வீட்டார், சென்னையிலிருந்து உமாராணியின் ஆட்கள், எல்லாரும் வந்தார்கள். கூடத்தில் பாய் போதவில்லை, பக்கத்து வீட்டில் வாங்கி விரித்தேன். காலையில் பாத்ரூமுக்கு வரிசை நின்றது. அனுசியா அந்த ஊதா அறையில் படுத்துக்கொண்டாள். சீசன் உச்சத்தில் இருந்தது, டைனோசர் ஓட்டலைத்தான் பூட்டியிருந்தீர்கள், குற்றாலத்தில் வேறு ஓட்டலா இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை ஒருத்தர்கூட வெளியே ரூம் போடவில்லை.