விலகுவோர் பட்டியல்

என்னால் ஓரிடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது, மேடம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆலயத்தில் பிரசங்கம் முடியும்வரை அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். அதனால் பேசும்போது நான் இந்த ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தால் தப்பி ஓடப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கூப்பிட்டதும் ராஜபாளையத்திலிருந்து இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே பஸ் ஏறி வந்தவன். இடம் இருந்தும் நின்றுகொண்டேதான் வந்தேன்.

பெயர் பெலிக்ஸ். இணையவழியில் பட்டப்படிப்பு நடத்தும் நிறுவனத்தில் தகவல் பிரிவுக்கு நான்தான் தலைவர். எங்களுக்கு வகுப்பறை கிடையாது. ராஜபாளையத்தில் ஒரு மாடி, பதினான்கு ஊழியர்கள். மாணவர்கள் நாலாயிரம் பேரும் அவரவர் போனில் இருக்கிறார்கள். மில்லுக்குப் போகிறவர்கள், கடையில் நிற்பவர்கள், கல்யாணத்தோடு படிப்பை விட்ட பெண்கள். இவர்களில் பலர் நடுவழியில் நின்றுவிடுவார்கள். சண்டை போட்டுவிட்டுப் போவதில்லை. ஒருநாள் பார்த்தால் உள்ளே வருவது நின்றிருக்கும்.

யார் நிற்பார் என்பதை முன்கூட்டியே சொல்லும் சிஸ்டம் ஒன்றை எழுதினேன். ஒருவர் வாரத்தில் எத்தனை முறை உள்ளே வருகிறார், பாடத்தை எவ்வளவு நேரம் ஓடவிடுகிறார் என்று அது கவனிக்கும். கடைசி ஆண்டு மாணவர்களில் நாற்பது பெயரைத் தரும். விலகுவோர் பட்டியல் என்று நாங்கள் சொல்வோம். அந்த நாற்பது பேருக்கு ஆசிரியரின் நேரத்தையோ, போனில் பேசுபவர்களின் நேரத்தையோ செலவழிப்பதில்லை என்பது எங்கள் முதலாளி லிங்கேஸ்வரன் அண்ணாச்சி வகுத்த திட்டம். நிலைக்கப்போகிறவர்களுக்கு அந்த நேரம் போகட்டும் என்றார். நியாயம்தானே? இப்போதும் எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

முதல் ஆண்டு நாற்பதில் இருபத்தொன்பது பேர் விலகினார்கள். பதினொரு பேர் பரீட்சை எழுதி, அதில் ஒன்பது பேர் பாஸும் ஆனார்கள். எல்லோரும் இருந்த கூட்டத்தில் அண்ணாச்சி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“ஏலே பெலிக்ஸ், பதினொரு பேரு உன் மூஞ்சில கரியப் பூசிட்டானுவளே. கிளி ஜோசியக்காரன் இதவிட நல்லாச் சொல்லுவாம்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சஞ்சீவி மலை அடிவாரம்வரை நடந்துபோய் மூன்று முறை திரும்பி வந்தேன். அந்த ஒன்பது பேர் பாஸானதில் எனக்கு வருத்தமே இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கணிப்பு தவறினால் அதை யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் நஷ்டம் மற்ற மாணவர்களுக்குத்தான்.

இரண்டாம் ஆண்டுப் பட்டியல் வந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய நிறுவனம் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. கணிப்பு பலித்தால் எங்களோடு சேர்ந்து மற்ற மாவட்டங்களிலும் தொடங்குவார்கள். மார்ச் மாதத்தில் நாற்பதில் இருபத்துமூன்று பேர் தாமாகவே நின்றிருந்தார்கள். பதினேழு பேர் பாக்கி. காலையில் அலுவலகம் வந்ததும் அந்தப் பதினேழு பேரைத்தான் பார்ப்பேன். காபிக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, சாப்பாட்டுக்கு எழுந்தால் பாதியில் வந்து ஒருமுறை. உள்ளே வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

அவர்களில் மாரீஸ்வரியைத்தான் எனக்குப் புரியவே இல்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை வருவார், ஏழு நிமிடம் இருப்பார், போய்விடுவார். ஆனால் அனுப்பும் விடைகள் எல்லாம் சரியாக இருக்கும். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியத்தில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன்.

முப்பத்தைந்து வயதிருக்கும். பேண்டேஜ் துணி ஆலையில் தறி ஓட்டுகிறார். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“எனக்காவவா சார் இம்புட்டு தூரம் வந்திருக்கிய?”

போன் அவர் தம்பியுடையது. அவன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவான். கிடைக்கும் ஏழு நிமிடத்தில் பாடத்தை வேகமாகத் தள்ளி, முக்கியமானதை நோட்டில் எழுதிக்கொள்வார். பிறகு ஆலை வேனில் அந்த நோட்டைப் படிப்பார். பதினொரு நோட்டு. புரட்டிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. என் சிஸ்டத்துக்கு நோட்டு தெரியாது.

பேசும்போது இருமினார். பஞ்சுத் தூசி.

“டாக்டரம்மா தறிப் பக்கமே போவக்கூடாதுன்னுட்டாவ சார். டிகிரி பேப்பரக் கொண்டா, ஆபீசுல செக்கிங் வேலை தாரேன்னு மொதலாளி சொல்லியிருக்காவ. ஜூனுக்குள்ள கொண்டு போவணும். அதுக்குப் பொறவு வேற ஆளப் போட்டுருவாவளாம்.”

இவர் பாஸாகிவிடுவார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துபோயிற்று. அவர் கொடுத்த டீயைக் குடித்தேன். வரும் வழியில் கிருஷ்ணன்கோவில் விலக்குவரை போய், காரணமே இல்லாமல் திரும்பினேன்.

மாணவர் பதிவில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, மேடம். அதில் டிக் இருந்தால்தான் எங்கள் செய்தி அவர் போனுக்குப் போகும். பரீட்சைக்குள் நுழைவதற்கான ஓடிபியும் அந்த வழியாகத்தான் போகிறது. முதல் தாளுக்குள் நுழையாதவருக்கு அந்தப் பருவமே மூடிவிடும், விலகியவர் கணக்கில் அவர் பெயர் ஏறிவிடும். அந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

மே மாதம் முதல் தாள். காலை பத்து மணிக்குத் தொடக்கம், பன்னிரண்டுவரை உள்ளே வரலாம். பதினொன்றே காலுக்கு மாரீஸ்வரி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். தம்பியின் போன் கையில். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். படி ஏறியதில் மூச்சு வாங்கியது.

“நம்பரே வரல சார். எத்தன வாட்டி அமுக்கினாலும் அனுப்பியாச்சுன்னுதான் சொல்லுது.”

என் அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவர் பதிவைத் திறந்தேன். கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அதைக் காலியாக்கியவன் நான்தான்.

“சர்வர் பிரச்சினைம்மா. செத்த நேரம் இருங்க.”

அப்போது மணி பதினொன்று இருபது. ஒருமுறை தொட்டால் டிக் விழுந்துவிடும். நான் எழுந்து நடந்தேன். ஜன்னல், அலமாரி, தண்ணீர் கேன், மறுபடி ஜன்னல். என்னைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது.

“நீங்க எதுக்கு சார் தவிக்கிய? ஒக்காருங்க.”

நாற்பது நிமிடம். நோட்டை மடியில் வைத்து உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆனதும், இனி ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த பருவம் எழுதலாம் என்று சொன்னேன். நோட்டை மூடினார். பிறகு, “நீங்க என்ன செய்விய சார், மெஷினு செஞ்சதுக்கு” என்றார். கீழே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

ஜூனில் கோயம்புத்தூர்க்காரர்கள் வந்தார்கள். நாற்பதுக்கு நாற்பது. அண்ணாச்சி என் தோளில் கை போட்டு, “எங்க பய சொன்னாச் சொன்னதுதான்” என்றார். அன்றைக்கு ஒருநாள் மட்டும் நான் கூட்டம் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம். மீதிப் பதினாறு பேருக்கும் அப்படித்தான். அவர்களில் யாரும் மாடியேறி வரவில்லை. போன் செய்தார்கள், சர்வர் என்று சொல்லச் சொன்னேன். பரீட்சை முடிந்ததும் எல்லா டிக்கையும் திரும்பப் போட்டுவிட்டேன். எதையும் திருடவில்லை பாருங்கள்.

மாரீஸ்வரி ஆகஸ்டில் தறிக்கு முன்னால் மூச்சுத்திணறி விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார். எங்களிடம் போன் பிரிவில் இருக்கும் பியூலாவுக்கு அவர் தம்பி போன் செய்து அழுதிருக்கிறான், அக்கா படித்துக்கொண்டேதானே இருந்தாள் என்று. பியூலா அவர் பதிவையும், பிறகு மற்ற பதினாறு பேரின் பதிவையும் தோண்டிப் பார்த்தாள். யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார்கள் என்று சிஸ்டம் குறித்து வைத்திருக்கும். பதினேழு இடத்திலும் என் பெயர். அதை அச்செடுத்துக்கொண்டு அவள் நேரே உங்களிடம் வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனவே நீங்கள் கேட்டதற்குப் பதில்: செய்தேன். பதினேழு பேருக்கும் தெரிந்தே செய்தேன். மாரீஸ்வரியை எதிரில் உட்காரவைத்தே செய்தேன்.

ஒரு விஷயம் மட்டும், கையெழுத்துப் போடும் முன் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டுப் பட்டியல் போன வாரம் வந்துவிட்டது. நான் இப்போது அலுவலகம் போகாததால் பியூலா அந்த நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுப் பேசுகிறாளாம். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள், மேடம். எப்படியும் விலகப்போகிறவர்களுக்கு வீணாக நம்பிக்கை கொடுப்பது பாவம்.